சோதனைக் கேட்டில் நிற்கிற மகனுக்கு

கன்னியப்பா, இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன்னைக் கல் பொறுக்கும் களத்துக்கு மேஸ்திரியாகப் போட்டார்கள் என்று புதுத் தலைப்பாகையோடு வந்து என் காலில் விழுந்தாயே, அப்போது உன் தோளைத் தட்டி என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "மவனே, சுரங்கத்துக்குள்ள பாறை சரிஞ்சா சத்தம் கேக்கும், ஒதுங்கிக்கலாம். மேல சோதனைக் கேட்டு ஒண்ணு கீது. அது சத்தமில்லாம சரியும்" என்றேன். நீ சிரித்தாய். சித்தப்பா சாராய ஜோசியம் சொல்கிறார் என்று உன் கூட்டாளியிடம் கண் அடித்ததையும் பார்த்தேன். பௌரிங்பேட்டையிலிருந்து சுரங்கத்துக்கு ரயில் வரும் என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். ரயில் வந்ததா இல்லையா? துரையின் வெள்ளைக் குதிரை நொண்டப்போகிறது என்று அதன் நடையைப் பார்த்தே சொன்னவன் நான். என் வாக்கு பலிக்காமல் போனதாக ஒருவனும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கு பலித்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

பூதிகோட்டைக்கு உப்பு ஏற்றி வந்த வண்டிக்கார நரசப்பா நேற்று என் வாசலில் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே, "உங்க ஹுடுகன், அதான் உங்க பையன், பெரிய மேஸ்திரி ஆயிட்டான் சாமி, தலைப்பாகை இன்னா, நடை இன்னா" என்றான். எனக்கு மீசை துடித்தது, பெருமையில். பிறகுதான் அவன் மற்றதைச் சொன்னான். ஷிப்டு முடிந்து களத்துப் பெண்கள் கேட்டில் வரிசையாக வந்தார்களாம். அஞ்சலை என்கிற பெண்ணைக் காவல்காரன் தனியாக இழுத்து நிறுத்தினானாம். தங்கக்கல் ஒளித்திருக்கிறாயா என்று கொண்டையை அவிழ்த்தானாம், முந்தானையை உதறச் சொன்னானாம், சும்மா நிற்கிற பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து ஏதோ சொன்னானாம், வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாம் சிரித்தார்களாம். "எங்க பையன் எங்க இருந்தான்?" என்று கேட்டேன். "அங்கதான் இருந்தார். கீழ பார்த்துக்கினு இருந்தார்" என்றான். அடுத்த நாள் நரசப்பா உன்னிடமே கேட்டானாமே. அதற்கு நீ, "கேட்டு அவன் வேலை, களம் என் வேலை. நான் இன்னா பண்றது?" என்றாயாம். நரசப்பா கெட்டவன் இல்லை, நீ சொன்னதை நியாயம் என்றுதான் என்னிடம் சொன்னான். எனக்குத்தான் கையிலிருந்த சொம்பு கனத்துவிட்டது.

நான் உன்னைப் பெற்றவன் இல்லை. உன் அப்பன், என் அண்ணன், பாறை சரிந்து போன பிறகு உன்னைத் தோளில் தூக்கியவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். நாலாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னிடம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாததால் நின்றுவிட்டேன். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் விட்டுப் படிக்காதே. இதைத் தனியாகவும் படிக்காதே. லைன் வீட்டு முன்னால் ஆட்களைக் கூட்டி, கேட்டில் அன்றைக்குச் சிரித்தவர்களை முன்னால் உட்காரவைத்து, உரக்கப் படி. உனக்கு எழுதினாலும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் குரலில் படிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். என் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அங்கே பழைய ஆட்களைக் கேள். கல் இடிக்கிற மில் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. நான் சிரித்தால் மட்டும் கேட்கும். நந்திதுர்க் சுரங்க மேட்டில் நான் சிரித்தால் மாரிகுப்பத்தில் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும் என்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உன் அம்மாவும் களத்தில்தான் இருந்தாள். உட்கார்ந்த இடத்தில் சுத்தியால் கல்லை உடைத்து, மினுக்கம் உள்ள வெள்ளைக்கல்லை ஒரு பக்கம், வெறும் கருங்கல்லை ஒரு பக்கம் எறிகிற வேலை. மாலையில் அவள் கண் இமை, புருவம், கை ரோமம் எல்லாம் மாவு பூத்த மாதிரி வெளுத்திருக்கும். ஆனால் முடி மட்டும், அடேயப்பா, அவிழ்த்துவிட்டால் முழங்கால் தொடும். வட ஆற்காட்டிலிருந்து கால்நடையாக வந்தோமே, அந்த வழி முழுக்க அதைப் பார்த்துப் பொறாமைப்படாத பெண் இல்லை. உனக்குத் தெரிந்த அம்மாவுக்கு அந்த முடி இல்லை. மொட்டைத் தலையில் துணி சுற்றிய அம்மாதான் உனக்குத் தெரியும். காரணமும் தெரியும், நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உனக்கு அனல் மாதிரி காய்ச்சல் வந்தது. ஏழுமலையானுக்கு முடி தருகிறேன் என்று அவள் வேண்டிக்கொண்டாள். உன்னை என் தோளில் வைத்து மலை ஏறினேன். நாவிதன் கையில் வெள்ளிப்பிடி போட்ட கத்தி. ஒரு குரங்கு உன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. முதல் கற்றை விழுந்ததுமே உன் நெற்றி குளிர்ந்தது. உயிர் உள்ளவரைக்கும் முடி வளர்ப்பதில்லை என்பது வேண்டுதலின் மறுபாதி. தை மாதம் கல்யாணம் முடிந்ததும், நிச்சயம் பண்ணின பேரணாம்பட்டுப் பெண்ணை முதலில் மலைக்குத்தான் அழைத்துப்போவேன், அம்மா முடி கொடுத்த மண்டபத்தைக் காட்டுவேன் என்று நீ போன முறை வந்தபோது சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். நான் வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

கேட்டு விஷயத்துக்கு வருகிறேன். பெண்களைச் சோதனை போட அங்கே முதலில் ஒரு கிழவியை வைத்திருந்தார்கள். நல்ல கிழவி. மடியை ஒரு தட்டு, கொண்டையை ஒரு தட்டு, "போடி போ, புள்ள அழுவான்" என்று விட்டுவிடுவாள். அவளுக்குக் கண் மங்கி ஊருக்குப் போனாள். அவள் இடத்துக்கு ஆள் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை; கேட்காததை யாரும் கொடுக்கவில்லை. காவல்காரனே பெண்களையும் பார்க்க ஆரம்பித்தான். ஆண்களை அவன் சீக்கிரம் பார்த்துவிடுவான், பெண்களிடம்தான் நேரம் எடுப்பான். இரண்டு வரிசையும் ஒரே கேட்டுக்கு வருவதால் அவன் அங்கே முடிக்காமல், சுரங்கத்திலிருந்து ஏறி வந்த எங்களை விட மாட்டான். எங்களுக்கோ இடுப்பு ஒடிந்திருக்கும், தொண்டை காய்ந்திருக்கும், சாராயக்கடை திறந்திருக்கும். அவன் ஒரு பெண்ணைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்புவான். நாங்கள் சிரித்தால் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும், "சரி, போங்க போங்க" என்று கையை ஆட்டுவான். சிரிக்காத நாளில் இன்னொன்று சொல்வான், இன்னும் கொஞ்சம் நிறுத்துவான். அதனால் நாங்கள் சிரித்தோம். அந்தக் கேட்டுக்கு நாங்கள் கட்டின சுங்கம் அது. அந்தப் பெண்களுக்கே அது நல்லதுதான், சீக்கிரம் விடுபடுகிறார்கள் என்றுகூட எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இப்படி ஒரு முட்டாள்தனம் வேறு எந்தச் சீமையிலாவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கேட்டிலும் அன்றைக்கு அப்படித்தான் சிரித்திருப்பார்கள். காவல்காரன் ஆள் மாறியிருக்கிறான், சுங்கம் மாறவில்லை.

ஒரு நாள் அவன் உன் அம்மாவை நிறுத்தினான். "இன்னாம்மா, புருசன் போயும் கொண்டை இவ்ளோ பெருசா கீது? உள்ள எத்தினி கல்லு வச்சிகினு போற?" என்றான். அவள், "ஒண்ணும் இல்ல அய்யா" என்றாள். அவன் தடியின் நுனியால் கொண்டையைக் குத்தினான். குத்தியும் அவிழவில்லை. கையால் அவிழ்த்தான். அத்தனை முடியும் அந்தக் கல்மாவு படிந்த முதுகில் இறங்கியது. அவன் அதைக் கையில் அள்ளி, எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்து, எங்கள் பக்கம் திரும்பி, "அடேய், தங்கம் இங்க கீதுடா, நீங்க எதுக்கு கீழ போய் தோண்டறீங்க?" என்றான். இதுவரைக்கும் உனக்கு நான் சொன்னது, அந்த இடத்தில் நான் வேங்கை மாதிரி பாய்ந்து அவன் காலரைப் பிடித்தேன் என்று. துரையிடம் இங்கிலீஷில் நியாயம் கேட்டதாகவும் ஒருமுறை சேர்த்திருக்கிறேன். மகனே, நான் சிரித்தேன். யாரோடு சேர்ந்து சிரித்தேன் என்றால், எல்லாரோடும். முதலில் சிரித்தது நான் இல்லை, ஆனால் பெரிதாகச் சிரித்தது நான்தான், அது என் சிரிப்பின் வாகு. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அத்தனை பேர் சிரிப்பிலும் என் சிரிப்பு அவளுக்கு முதுகிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. தோள் ஒரே ஒரு முறை குலுங்கியது. திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டில் அன்றைக்கு எனக்குக் களி எடுத்து வைத்தாள், குழம்பு ஊற்றினாள், "போதுமா கொழுந்தனாரே?" என்று எப்போதும் போலக் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

காலரைப் பிடித்தது முழுப் பொய் இல்லை. பிடித்தேன். கேட்டில் இல்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாராயக்கடையில். நல்ல உருட்டு உருட்டினேன், அவன் சட்டைப் பொத்தான் தெறித்து அடுத்தவன் குவளையில் விழுந்தது, அதைப் பார்த்த ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். என் மானம் திரும்பிவிட்டது என்று மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மாலை அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே விட்டான். உன் அம்மாவை மட்டும் ஓரமாக நிற்க வைத்தான். வரிசை முழுக்கப் போனது, களம் காலியானது, கேட்டில் விளக்கு ஏற்றினார்கள், அதற்குப் பிறகுதான் விட்டான். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். என் வீரத்துக்கு அவள்தான் நின்று கூலி கொடுத்தாள். நீயும் இந்தக் கடிதத்தைப் படித்த சூட்டில் அஞ்சலைக்காக எவனையாவது அடிக்கப் போனால், இதை ஞாபகம் வைத்துக்கொள். நீ அடித்துவிட்டு வீட்டுக்குப் போவாய். மறுநாள் அந்தக் கேட்டைத் தாண்டவேண்டியது அவள்.

உருப்படியாக ஒன்று செய்தது முனியம்மா. களத்தில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைத்தவள். வாய் என்றால் வாய், அவள் பேசினால் சுத்தியல்கூட நிற்கும். முடி அவிழ்ந்து கிடந்த அந்த நாளில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவள் வரிசையை விட்டு வந்தாள். காவல்காரனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த முடியைத் தன் சொத்தை எடுப்பது போல எடுத்துக்கொண்டு, உதறி, முறுக்கி, உன் அம்மாவுக்குக் கொண்டை போட்டுவிட்டாள். அதன் பிறகு அவன் யாரை நிறுத்தினாலும் அவளும் கூடப் போய் நிற்பாள். "இன்னா தேடறே? சொல்லு, நாங்களும் தேடறோம்" என்பாள். சண்டை போடுகிற குரலே இல்லை, சந்தையில் தொலைந்த காசைக் கேட்கிற குரல். அவன், "உன் வேலையப் பாரு" என்பான். "என் வேலை முடிஞ்சிடுச்சே. நீ இன்னா தேடறேன்னு சொன்னா உன் வேலையும் முடிஞ்சிடும்" என்பாள். எதைத் தேடினான் என்று சொல்லமுடியாதவனிடம்தானே அந்தக் கேள்வி. அந்த நேரம் எங்கள் வரிசை வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அவன் சுருங்கியிருப்பான். ஆனால் எங்களில் ஒருவன், "முனியம்மாவுக்கும் ஆசை வந்துடுச்சு டோய்" என்றான். சிரித்தோம். நான் காலரைப் பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே அவளை மண் சுமக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒற்றை ஆளாக இருந்தால் மாற்றுவது சுலபம்.

அதனால் கேள், மகனே. ஞாயிறு கழிந்து களம் திறக்கிற அன்றைக்கு, ஷிப்டு முடிகிற நேரத்தில், நீ அந்தக் கேட்டுக்குப் பெண்கள் வருவதற்கு முன்னால் போய் நில். நீ மேஸ்திரி, அவர்கள் உன் களத்து ஆட்கள், உன் ஆட்களுக்காகக் கேட்டில் நிற்க உன்னை யாரும் தடுக்க முடியாது. அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள். யாரையும் அடிக்க வேண்டாம், பேசவும் வேண்டாம், சிரிக்காமல் இருங்கள் என்று. கொஞ்ச நேரம் தாமதமாகும். சாராயக்கடை எங்கும் ஓடிவிடாது. காவல்காரன் ஒருத்தியை நிறுத்தினால் நீ பக்கத்தில் போய் முனியம்மா கேட்டதைக் கேள்: இன்னா தேடறே? அவன் சொல்லும்வரைக்கும் அங்கேயே நில். அஞ்சலைக்கு நீயே ஒன்றை நினைத்துக்கொண்டு செய்யாதே. அவளிடம் கேள், நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் களத்துப் பெண்கள் வழியாகக் கேள், உனக்கு இன்னா செஞ்சா நல்லதும்மா என்று. அவள் சும்மா விடு என்றால், அவள் பக்கத்தில் நடந்துபோவதோடு நிறுத்திக்கொள். அவள் சரி என்றால், துரையிடம் போ, தனியாகப் போகாதே, பத்துப் பேரை ஒரேயடியாக மண் சுமக்க அனுப்பமுடியாது. பெண்களைப் பார்க்கப் பெண் ஒருத்தியைக் கேட்டில் போடச் சொல்லிக் கேள். கொடுப்பார்கள் என்று நான் வாக்குச் சொல்லமாட்டேன். இதில் எனக்கு ஜோசியம் வரவில்லை. தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டாலும் கொள்ளட்டும், இங்கே ராகி விளைகிறது, எனக்கும் முழங்காலில் வலு இல்லை, ஏர் பிடிக்க ஆள் வேண்டும்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். நரசப்பா மாட்டைப் பூட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னான், அதனால்தான் இன்னும் எழுதுகிறேன். "அந்தப் பொண்ணு வேலைக்கு வருது சாமி, நின்னுடல. தலையில துணி சுத்திக்கினு வருது. காதுகிட்ட பார்த்தா முடியே காணோம். வேண்டுதலாம்" என்றான்.

மகனே, திருப்பதிக்கு நாங்கள் போகவே இல்லை. உனக்குக் காய்ச்சல் வந்தது நிஜம், அது கஷாயத்தில் தானாக இறங்கியது. மலை, வெள்ளிப்பிடிக் கத்தி, குரங்கு, வாழைப்பழம், எல்லாம் நான் கட்டினது. வேப்பமரத்தடியில் நான் காத்து நின்ற அந்த மாலைக்கு அடுத்த நாள், உன் அம்மா என் மீசை வெட்டுகிற கத்தரிக்கோலைக் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தானே வெட்டிக்கொண்டாள், ஒட்ட ஒட்ட. முடியை அடுப்பில் போட்டாள். அன்றைக்குக் கேட்டில் காவல்காரன் கை தூக்கினான், பிடிக்க ஒன்றும் இல்லாமல் அது அப்படியே நின்றது. யாரும் சிரிக்கவில்லை. வளர வளர வெட்டிக்கொண்டே இருந்தாள், சாகும்வரைக்கும். அம்மா தலை ஏன் இப்படி என்று நீ அழுதபோது எனக்கு வாய்க்கு வந்தது திருப்பதி. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "மலையில கூட்டமாம்மா?" என்று நீ கேட்டாய். "கூட்டந்தாண்டா, நிறைய பேரு பார்த்துக்கினு இருந்தாங்க" என்றாள்.

மண்டபத்தைத் தேடி அந்தப் பேரணாம்பட்டுப் பெண்ணை அலைக்கழிக்காதே. முதலில் அஞ்சலையிடம் போ. அவள் முடி வளர்கிற வரைக்கும் கேட்டில் நில்.

உன் சித்தப்பா
பூதிகோட்டை